கதவு சாத்தாத பட்டறை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டால் கடிதம் சுலபமாக முடிந்துவிடும், ஆனால் உன்னிடம் எதற்குப் பொய், அவர் நடமாடுகிறார், சாப்பிடுகிறார், இருமுகிறார், அவ்வளவுதான்.

குளிர் இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டது. பட்டறைக்குள் பசை காய மாட்டேன் என்கிறது, ஒட்டிய நாற்காலிக் கால் மறுநாள் கையோடு வருகிறது, வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கிறது. வேலை கொடுத்தவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் விறகில் எரிகிற கணப்பு அடுப்பு ஒன்றைத் தானே செய்யப்போவதாக அப்பா சொன்னார். போன குளிருக்கு உன் தம்பி அதே அறையில்தான் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, சூடு வெளியே போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, மரத்தூள் மூட்டைமேல் சாய்ந்தான், சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அந்த இடத்தில் மறுபடியும் நெருப்பா என்று கேட்டேன். இது சட்டி இல்ல, இதுக்குப் புகை போக வழி இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

பழைய கேஸ் சிலிண்டர் ஒன்றை இரும்புக்கடையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டும்போது வெடிக்குமாம், அதனால் மேலே வால்வைக் கழற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வெல்டரைக் கூப்பிட்டார். வெல்டர் யார் தெரிகிறதா, நாம் வெடிச்சிரிப்பு என்று கூப்பிடுவோமே, அவர்தான். இருவருமாகப் பக்கவாட்டில் கதவு வெட்டிக் கீல் வைத்து, உள்ளே கம்பித் தட்டுப் போட்டு, அடியில் சாம்பல் விழ இடம் விட்டு, சுவரைத் துளைத்துப் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினார்கள். அடுப்புக் கதவின் கீழே காற்றுக்கு ஒரு ஓட்டை, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு. அப்பா கையில் அளவுகோல் கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா, குழாயை அளந்தார், மறுபடி அளந்தார், பிறகு அளவுகோலையே நம்பாமல் வேறு ஒன்று வாங்கிவந்து அளந்தார். அண்ணே, நாம செய்யுறது அடுப்பா ராக்கெட்டா என்று வெல்டர் கேட்டுவிட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

முதல் முறை பட்டறைக்குள் மூட்டியபோது புகை உள்ளேயே திரும்பியது. அப்பா தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, அவனுக்கு இன்னும் மூச்சு சரியா வரல என்றார். வெல்டரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. யாருக்கு என்று கேட்டேன். அடுப்புக்குத்தான் என்றார், நிமிரவில்லை. வாய்தவறி வந்தது என்று நானும் விட்டுவிட்டேன். குழாயை இன்னும் கொஞ்சம் உயர்த்தியதும் புகை ஒழுங்காக மேலே போனது. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு அது ‘அது’ இல்லை. அவனுக்குப் பசிக்குது என்று விறகு வைக்கிறார். ஈர விறகு அவனுக்கு ஒத்துக்காது என்கிறார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாகத்தான் இருக்கிறார், அளவு தப்புவதில்லை, ஆள் மறப்பதில்லை, இந்த ஒரு சொல்லில்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, என் பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு இரும்பில் வைத்துக் கூப்பிடுகிறாரே என்று.

இதில் கொடுமை என்னவென்றால் அடுப்பு பிரமாதமாக எரிகிறது, இவர் வாசல் கதவைச் சாத்துவதில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கின்றன, சூடு முழுக்கத் தெருவுக்குத்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று குளிர் காய்ந்துவிட்டுப் போகிறார்கள், ஒரு நாய் குடியேறியே விட்டது, இவர் மட்டும் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கியபடி இழைக்கிறார். விஷப்புகை சேர்ந்தால் கத்தும் என்று நீ அனுப்பிய மணியை முகமட்டத்தில் மாட்டியிருக்கிறார், அது இதுவரை வாய் திறக்கவில்லை, பொத்தானை அமுக்கினால் கத்துகிறது, பழுதும் இல்லை. கதவைச் சாத்துங்களேன் என்றால், சாத்தி அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்கிறார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இன்னும் சில நாள் இந்தக் குளிரில் நின்றால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும், இந்த வயதில் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளையைச் சூட்டுக்குக் கொடுத்துவிட்டு இவரைக் குளிருக்குக் கொடுக்க வேண்டுமா சொல். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நேற்று மாலை கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஜன்னலைக் கையகலம் மட்டும் விட்டுவிட்டு, வாசல் கதவை நானே சாத்தினேன். அப்பா அடிபட்டவர்போல எழுந்துவிட்டார். நானும் உள்ளதானே இருக்கேன், உக்காருங்க என்றேன். மணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருச்சத்தம் அடங்கியதும் அடுப்பு காற்றை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. சிரிக்காதே, உன் தம்பி சளி பிடித்தால் மூக்கடைத்துத் தூங்குவானே, அதே சத்தம். அந்த மூட்டை கிடந்த மூலையை நான்தான் என் கையால் கழுவிவிட்டேன், அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா என் பக்கம் குனிந்து, தூங்குறான், சத்தம் போடாத என்றார். இது சிலிண்டர், நீங்கள் வெட்டி ஒட்டியது என்று சொல்ல வந்தவள், சத்தம் வராமல் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. அறை வெதுவெதுப்பானது, அவர் மேல்சட்டையைக் கழற்றினார், இருமலும் தணிந்தது. தீ தாழ்ந்தபோது நான்தான் எழுந்து, அடுப்புக் கதவைக் கீல் கிறீச்சிடாமல் மெதுவாகத் திறந்து, நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து வைத்தேன். இன்றைக்கும் கதவைச் சாத்தித்தான் வேலை நடக்கிறது, நான் உள்ளே இருந்தால்தான் சாத்துவார், இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ பதறிக்கொண்டு கிளம்பி வந்துவிடாதே. உன் வீட்டில் ஹீட்டர் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, மாப்பிள்ளை குளிருகிறது என்று முணுமுணுத்தால் என் பெயரைச் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்காதே. அவன் எப்படி இருக்கிறான் என்று கேள். நான் பக்கத்தில்தான் இருப்பேன், அவர் சொல்கிற பதில் எனக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா