சாதத்துக்கு முன்னால் கூட்டு

ஞாயிறு, இரவு

மந்தைவெளியில் கல்யாணச் சாப்பாடு. அக்கா கூட்டையும் பொரியலையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி முதலில் சாப்பிட்டாள். சாதம் வந்ததும் ஒரு கரண்டி போதும் என்றாள்.

"விரதமாம்மா?" என்றார் பரிமாறியவர். ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்லண்ணா. எனக்கு பிசிஓஎஸ், நீர்க்கட்டி. சாதத்தைக் குறைச்சு, காய் நிறைய சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்துதான் பீரியட்ஸ் ஒழுங்கா வருது."

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா முகம் சுருங்கியது. அக்கா நிதானமாக ரசம் கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு.

எனக்கும் அதுதான் என்று டாக்டர் சொன்னதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து என் இலை.

"ஒரு கரண்டி போதும்."

"நீங்க விரதமா?"

"ஆமா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், "இவளுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டு போடுங்க" என்றாள்.