நம் வீடு காலமான செய்தி

அன்பு மகன் எலோமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். நம் வீடு மட்டும் காலமாகிவிட்டது. பதறாதே, இன்னும் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கடல் சமையலறைச் சுவரைத் தொட்டதும் உன்னைக் கூப்பிட்டேன், லீவு இல்லை என்றாய். நம் கேட்டா ஊரில் பிறந்தவன் எதற்கு வராவிட்டாலும் சாவுக்கு வந்துவிடுவான் என்று நானும் உன் மாமா ஹோர்மெக்குவும் யோசித்து, வீட்டுக்கே சாவுச் சடங்கு வைத்துவிட்டோம். ஊரெல்லாம் வீட்டின் படம் போட்ட இரங்கல் சுவரொட்டி, சிவப்பும் கறுப்பும் உடுத்தி மேளத்தோடு அழுகை, சோளமாவில் அவித்த கெங்கே உருண்டையும் பொரித்த மீனும் பற்றவே இல்லை. நீயோ போனில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாய். அன்றைக்கென்று பார்த்து, மனிதகுலத்தின் எதிர்காலங்களை வரைந்து எடுத்துக்கொண்டு தலைநகரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். துக்கத்துக்கு வந்த கூட்டத்திடமே மூன்று படங்களைக் காட்டி, எது வேண்டுமோ அதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். மாமா எழுந்து, "மூணுலயும் கடல் வீட்டுக்குள்ளதான் நிக்குது. வராத மாதிரி ஒண்ணு வரையலியா தம்பி?" என்று கேட்டார். அதற்கு நிதி வரவில்லையாம்.

கூத்தைக் கேள், சடங்கு முடிந்ததும் கடல் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மாமா மறித்துக்கொண்டு, "செத்த வீட்டுக்குள்ள உசுரோட போயிப் படுப்பியா மவுசி? ஊரு சிரிக்காதா?" என்கிறார். இப்போது சர்ச் கொட்டகையில் ஆடுகளோடு படுக்கிறேன். ராட்டர்டாமில் நீ குடியிருக்கும் தெரு கடலைவிடத் தாழ்வு என்கிறாய், எதற்கும் ஷூவைக் கழற்றாமல் தூங்கு, குளிரில் தலையை மூடிக்கொள்.

செத்த வீடு மறுபடி பிறந்தால் குடியேறலாமாம், அதற்கு மாமாவே வழி சொன்னார். பச்சைப் பிள்ளையை முதன்முதலில் வாசலுக்குக் கொண்டுவந்து, கூரையில் தண்ணீர் வீசி, சொட்டுவதை அதன்மேல் விழவிட்டுப் பெயர் வைப்போமே, அதேபோல் வீட்டுக்கும் செய்ய வேண்டும். தண்ணீர் வீச வேண்டியது மூத்த மகன். உனக்கும் அந்தக் கூரைத் தண்ணீர்தான் விழுந்தது, தெருவே கூடும்படி கத்தினாய். உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை எலோம், அதுதான் உண்மை.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பௌர்ணமிக்குக் கடல் பொங்கும், ஞாபகம் வைத்துக்கொள். அந்தக் கூரைமேல் தண்ணீர் விழப்போவது நிச்சயம், அதை நீ வந்து ஊற்று.

ஆசிகளுடன்,
சர்ச் கொட்டகையிலிருந்து
உன் அம்மா மவுசி