புது ஆல்பத்தில் வரும் அழுகை

அன்புத் தங்கைக்கு,

சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, கதவு கிறீச்சிடுவதையும் மூச்சிரைப்பதையும் நான் இசையாக வெளியிட்டபோது ஊரே சிரித்தது. நீ மட்டும்தான் என் பக்கம் நின்றாய்.

புது ஆல்பத்தில் வரும் அழுகையை எல்லோரும் புகழ்கிறார்கள். "எப்படிம்மா இப்படி அழுதீங்க?" என்று வானொலிப் பேட்டியில் கேட்டார்கள். "எல்லாம் பயிற்சிதான்" என்றேன், வாய் கூசாமல்.

நேற்று உன் கணவர் பேசினார். "ரேடியோவுல அவளும் கேட்டுட்டா, அக்கா. தன் குரல் அவளுக்குத் தெரியாதா?"

கரு கலைந்த அன்று நீ போனில் அழுததை நான் பதிவு செய்திருக்கவே கூடாது. ஆல்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அழிப்பதற்கு முன் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டேன். நடுவில் நீ, "அக்கா, லைன்ல இருக்கியா?" என்கிறாய். பதிவில் என் குரல் கலந்துவிடக் கூடாதென்று நான் வாயே திறக்கவில்லை.

உன் அக்கா