நீங்கள் குடித்த தண்ணீர்

சார்,

இன்று காலை ஒரு கான்ட்ராக்டர் என் அலுவலக அறைக்கு வந்திருந்தார். பழைய குடிநீர்க் குழாய்களில் எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். காதில் மாட்டும் கருவியை மேசைமேல் வைத்து, ரோட்டுக்கு அடியில் கசியும் தண்ணீரின் சத்தம் அதில் எப்படிக் கேட்கும் என்று விளக்கினார். புது ரப்பரின் வாடை அறை முழுக்க அடித்தது. கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "மேடத்துக்கு ரிப்போர்ட் எந்த மாதிரி வேணும்?" என்று கேட்டார். எழுந்து வெளியே போகச் சொன்னேன். அவர் போன பிறகும் கோபம் தணியவில்லை. அவர்மேல் வந்ததைவிட உங்கள்மேல் வந்தது அதிகம்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஊரின் தெற்குப் பக்கத்து நெசவாளர் தெரு உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது நான் அங்கே உதவிப் பொறியாளர், நீங்கள் எனக்கு மேலதிகாரி. சரோஜா என்ற பெண் ஈரமான பட்டு நூல் கண்டைக் கொண்டுவந்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க சார். நூலே இம்புட்டு நாறுது, இதத்தான் நாங்க குடிக்கோம்." குழாய் கசியும் இடத்தில் சாக்கடை உள்ளே இறங்குகிறது, ரோட்டைத் தோண்டிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அப்போதுதான் போட்டு முடித்த சிமெண்ட் ரோடு. அதை உடைக்க உங்களுக்கு மனமில்லை. கசிவு பார்க்கும் கம்பெனி ஒன்றை நீங்களே பிடித்து வந்தீர்கள்.

அவர்கள் ஒரு மதியம் வந்தார்கள். அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். மதியம் குழாய் காலியாகக் கிடக்கும். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடினால்தான் கசிவுக்குச் சத்தம் உண்டு. காலிக் குழாய்க்கு மேலே கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, கசிவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று உங்களிடம் வந்து நின்றேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒனக்கு வேலை வேணுமா, சத்தம் வேணுமா?"

அடுத்த முறை தண்ணீர் வந்த காலையில் தெருவே குடங்களோடு ரோட்டை மறித்தது. நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். தெருக்குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, எல்லாரும் பார்க்க அண்ணாந்து குடித்தீர்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நானும் மனுசந்தானே? கெட்ட தண்ணியாயிருந்தா குடிப்பேனா?" என்றீர்கள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? கூட்டம் கலைந்தது. அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவந்த சரோஜா, அன்றோடு காய்ச்சுவதை நிறுத்தினாள். கேஸ் மிச்சம் என்று அவள் சிரித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பிறகு நீங்கள் லீவில் போனீர்கள். வைரஸ் காய்ச்சல் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு அவசரக் கையெழுத்துக்காக உங்களைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கண்கள் குழிவிழுந்து, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, அரை மணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முதலில் வந்த வார்த்தை: "வெளிய மூச்சு விட்றாதம்மா. எம் மானம் போயிரும்."

அந்தத் தெருவில் அத்தனை பேர் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று கட்டில் பக்கத்திலேயே நின்றேன். கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக அந்தத் தெருவுக்குத்தான் போனேன். "சார் வயித்துப்போக்குல ஆஸ்பத்திரியில கெடக்காரு. யாரும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க" என்று தெருமுனையில் நின்று கத்தினேன். ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். "கவருமெண்டு ரோடுப்பா, கேஸ் போட்ருவாக" என்று ஒருவர் தயங்கினார். "போடட்டும்ணே, நீங்க ஓங்கி அடிங்க" என்றாள் சரோஜா. சாயங்காலத்துக்குள் குழாய் தெரிந்தது. சாக்கடையின் ஊடாகவே போகிறது குழாய். இணைப்பு விரிந்து, அதன் வாய்க்குள் கறுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

குழாயை மாற்றினார்கள். ஆனால் சரோஜாவின் வீட்டுக்காரருக்கு அதற்குள் உடம்பில் ஏற வேண்டியது ஏறிவிட்டது. சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை என்றார்கள். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே இருக்க, அவர் போய்விட்டார். அந்த வீட்டு வாசலை நீங்கள் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. என்னை மட்டும் ஒழுங்கீனம் என்று எழுதி மேலூருக்குத் தூக்கி அடித்தீர்கள். அதன்பின் எத்தனை கூட்டங்களில் எதிரெதிரே உட்கார்ந்தோம்! ஒரு சொல் பேசவில்லை நீங்கள்.

திருநகரில் உங்கள் வீட்டுக்கு மாலையோடு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னயத் திட்டாத நாளே கெடையாதும்மா. சோறு தின்னும்போதுகூட, அவ மட்டும் வாய மூடிட்டு இருந்திருந்தான்னு ஆரம்பிச்சிருவாரு" என்றார். எனக்கு வருத்தம் வரவில்லை. அந்தத் தெரு உங்களைச் சாப்பிடவிடவில்லை என்று தெரிந்ததில் ஒரு திருப்திதான் வந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சரோஜாவிடம் நீங்கள் போன செய்தியைச் சொன்னேன். தறிக்குழியில் இருந்தபடியே கேட்டாள். தறியை நிறுத்திவிட்டு, "அவரும் குடிச்சாருல்ல மேடம். நல்ல தண்ணின்னு நம்பித்தான் குடிச்சிருப்பாரு, பாவம்" என்றாள்.

புருஷனைப் பறிகொடுத்தவள் உங்களைப் பாவம் என்கிறாள். என்னால் முடியவில்லை. நம்பித்தான் குடித்தீர்களா? அப்படியானால் காலிக் குழாயில் காது வைத்தவனை, ஒரு பொறியாளராக இருந்துகொண்டு எப்படி நம்பினீர்கள்? தெரிந்தே குடித்தீர்களா? அப்படியானால் ஒரு ரோட்டுக்காக உங்கள் வயிற்றையே பணயம் வைத்தவருக்கு அந்தத் தெருவின் உயிர்கள் எம்மாத்திரம்? நேருக்கு நேர் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் முகம் கொடுக்கவே இல்லை.

எப்படி யோசித்தாலும் கோபம் குறையவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் வேலைக்கு வருகிறேன். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதற்காக அதை இறக்கிவைக்க மாட்டேன், சார்.