நீங்கள் இழுத்துச் சொன்ன பெயர்

அக்கா,

இன்று காலை, எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில், மரக்கறிக் கடை வாசலில் போஞ்சிப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். பச்சை பீன்ஸ் காய் ஒன்றை எடுத்து முறித்தேன். அந்தச் சத்தத்தோடு நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள். தமிழில் எழுதினால் உங்களுக்கு ஓரெழுத்தும் விளங்காதுதான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பேசிய பிரெஞ்சு மட்டும் யாருக்கு விளங்கியது?

மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் நாங்கள் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையில், எங்கள் முதல் பேச்சே போஞ்சியால் வந்தது. "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்றீர்கள். நான் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் தென்னாபிரிக்காவில் கோசா பேசும் வீட்டில் பிறந்தவர். இளவயதிலேயே அஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளைக்காரர் வீட்டுக்குச் சமைக்கப் போனவர். அஃப்ரிகான்ஸில் இது போயின்கி, கோசாவில் இம்போச்சி. அந்தச் சொல்லைக் கொண்டுவந்த ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள், உங்கள் கடற்கரைக்கும் வந்தார்கள். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்கிற கந்தோரும் அஃப்ரிகான்ஸில் கந்தோர்தான் என்று தெரிந்தபோது, சொந்தக்காரியைக் கண்டுபிடித்தவள் மாதிரித் துள்ளினேன்.

"அவசரப்படாதே, இரண்டும் ஒன்றில்லை" என்றீர்கள். அதன்பிறகு மரக்கறி வெட்டுகிற நேரமெல்லாம் எனக்குப் பாடம்தான். அஃப்ரிகான்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, சொல்லின் தலையில் குட்டும். கோசா நடுவில் நாக்கைச் சொடுக்கும், கடைசிக்கு முந்தின எழுத்தைப் பிடித்து இழுக்கும். அந்தச் சொடுக்குகளில் ஒன்றை நாங்கள் பாவம் பார்க்கவும், இன்னொன்றை வண்டில் மாட்டை விரட்டவும் வைத்திருக்கிறோம் என்றேன். "இவ்வளவு நல்ல எழுத்தை மாட்டுக்கா கொடுத்தீர்கள்?" என்று ஈரக்கையால் என் தலையில் தட்டினீர்கள். கோபம் வந்தால் எந்த மொழி என்று கேட்டேன். "அஃப்ரிகான்ஸ். வேலைக்குப் போனவளுக்கு முதலில் மனப்பாடமாவது திட்டுத்தானே" என்றீர்கள்.

மரியாதை என்று வந்தால் இரண்டும் இரண்டு வழியில் போகும். அஃப்ரிகான்ஸில் மூத்தவரை முகத்துக்கு நேரே 'நீ' என்று சொல்வது சரியில்லை. "மாமி கோப்பி குடித்தாவா, மாமியின் கோப்பிக்குச் சீனி போதுமா" என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும். கோசாவில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரின் ஒரு துண்டு வேறு சொல்லில் வந்தால்கூட, அதை விட்டுவிட்டு இன்னொரு சொல் தேடவேண்டும். "எங்களுக்கு இரண்டும் உண்டு, அதற்கு மேலே புருசன் பெயரும் உண்டு" என்றேன். சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்றுதான் என்னை வளர்த்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அவருடைய படத்தின் பின்னால் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் காட்டினேன். அதோடு பிடித்தது சனி. தினமும் காலையில், "குணராஆஆசா எப்படி?" என்று கேட்டு என்னை வெட்கப்பட வைத்தீர்கள்.

பிறகு 2009. நானும் பிள்ளைகளும் இங்கே, அவர் வன்னிக்குள். சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம், சட்டி கழுவிக்கொண்டு நிற்கும்போது, அங்கே தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமுக்குள் போய்வருகிற ஒரு பாதிரியார் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலை நிக்கிறன். அவரின்ரை பேரைச் சொல்லும், கூப்பிடச் சொல்லுறன். கெதியாச் சொல்லும், லைன் போகப்போகுது."

உயிர் இருக்கோ இல்லையோ என்று தெரியாத நேரத்தில், அதைக் குறைக்கிற சொல்லை என் வாயால் எப்படிச் சொல்வேன்? "பிள்ளையளின்ரை அப்பா" என்று மட்டும் வந்தது.

"இஞ்சை எல்லாரும் பிள்ளையளின்ரை அப்பாதான், தங்கச்சி."

பாதிரியார் என்ன கேட்கிறார் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள். நீங்களும் மருமகளாக இருந்தவர்தானே. சவர்க்கார நுரை வழிகிற கையால் தொலைபேசியைப் பறித்து, சமையலறை அதிரக் கத்தினீர்கள்: "குணராஆஆசா! குணராஆஆசா!"

கொஞ்ச நேரத்தில் திரும்ப மணி அடித்தது. முதலில் ஒரு இருமல். எனக்குத் தெரிந்த இருமல். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். நீங்களும் பக்கத்தில் இருந்து, கோசாவில் என்னவோ சொல்லிச் சொல்லி என் முதுகைத் தடவினீர்கள். அது இன்றைக்கும் எனக்கு என்னவென்று தெரியாது.

அவர் இங்கே வந்து சேர வருடங்கள் பிடித்தன. விமான நிலையத்தில் நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்தபோது, மனிதர் விறைத்துப் போய் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். போன மாரிக் குளிரில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.

இன்று போஞ்சியை வாங்கி, கடைக்குக் கூட வந்திருந்த அவர் கையில் கொடுத்தேன். பையை எட்டிப் பார்த்தவர் ஒரு போஞ்சியை எடுத்து முறித்தார். பிறகு, "அந்த மனிசி போனாப்பிறகு என்ரை பேரை முழுசாச் சொல்ல ஒருத்தருமில்லை. வேலையிலை குணா, பிள்ளையளுக்கு அப்பா, உமக்கு இஞ்சருங்கோ" என்று சொல்லிவிட்டு ரூ பஜோல் தெருப் பக்கம் நடந்தார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் புருசனைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன். தெருவில் நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள், என்னுடையவரைத் தவிர.

அப்போதுதான் சொன்னேன், அக்கா. வாழ்க்கையில் முதல் தடவை, நடுத்தெருவில், உரத்து. உங்கள் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர், உங்கள் இழுவையோடுதான் வந்தது.

அவர் கையிலிருந்த பை விழுந்து போஞ்சி சிதறியது. சட்டென்று திரும்பினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்களோ என்று பார்த்தார்.