சமையலறையிலிருந்து வரும் ஆமென்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் என் மாத்திரை டப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாயிருக்கத் தினமும் முழங்காலில் நிற்கிறேன், நிற்கிறேன் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், முழங்கால் மடங்க மறுப்பதால் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம். போன ஞாயிறு போனில் உனக்காக நான் ஜெபித்து முடித்ததும் நீ "அப்பா, பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாய், அத்தை வந்திருக்கிறாள் என்றேன். அத்தை வரவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அதை உன்னிடம் வாயால் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பயப்படாமல் முழுக்கப் படி.

என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் போதகர் நல்ல பிள்ளை. நான் முன்னுரை சொல்லும் நேரத்தில் அவர் பிரசங்கத்தையே முடித்துவிடுகிறார், சபைக்கு அவரைப் பிடிக்காமல் என்ன செய்யும். அவர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கினால் பெஞ்சில் இருக்கும் என் கையும் தானாக எழும்பிவிடுகிறது. பொருளாளரின் மனைவி "ஐயா, இப்பல்லாம் நாங்க ரெட்டை ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போறோம்" என்று சிரித்தாள், அன்றிலிருந்து பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவனுக்குக் கையை அடக்குவதே பெரிய வேலையாக இருக்கிறது.

நம் வீட்டு ஜெபம் உனக்கு மறந்திருக்காது. விளக்குப் போட்டதும் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும், நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் என்று நீ ஒருநாள் ஸ்தோத்திரம் சொல்லி உதை வாங்கப் பார்த்தாய். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நிற்பாள், நான் முடிப்பதற்கு ஒரு வார்த்தை முன்னாலேயே ஆமென் போட்டுவிடுவாள். கேட்டால், "நீங்க சுருக்கமா முடிச்சா நான் ஏன் முந்தப்போறேன், பால் பொங்கிடுச்சுன்னா கர்த்தர் வந்து துடைப்பாரா?" என்பாள். இத்தனை வருடத்தில் அவளுக்காகவே அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பழகிவிட்டேன். அவள் போன பிறகும் நிறுத்தினேன், பழக்கதோஷம். ஒரு மாதம் போல ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், நான் நிறுத்திய இடத்தில், சமையலறைப் பக்கமிருந்து ஆமென் கேட்டது.

சத்தமாக இல்லை. அவசரமாக. எழுந்துபோய்ப் பார்த்தேன், அடுப்பு அணைந்திருந்தது, பாத்திரமெல்லாம் கவிழ்த்தபடியே இருந்தன. வயசான காது என்று விட்டுவிட்டேன், மறுநாளும் கேட்டது. வீட்டில் ஏதோ நடமாடுகிறது, வந்து ஜெபம் பண்ணுங்கள் ஐயா என்று எத்தனை பேர் என்னிடம் வந்திருப்பார்கள், முதலில் சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள் என்று கிண்டல் செய்து அனுப்பியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். புதுப் போதகரிடம் சொன்னேன், "துக்கம்தான் ஐயா, போகப்போகச் சரியாயிடும்" என்றார். நானும் பலருக்கு அதையேதான் சொல்லியிருக்கிறேன், கேட்கிறவனுக்கு அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். துக்கம் என் தலைக்குள் இருப்பது, என்னோடு போகட்டும் என்று. இப்போது போனில் நீயும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டாய்.

எனக்கு அவளைக் கண்டு பயமில்லை மகளே. என் பயம் வேறு. அவளுடைய குழிமேல் நின்று, இவள் பாடெல்லாம் ஓய்ந்து இளைப்பாறுகிறாள் என்று நானே சொன்னேன், சொன்னதை நம்பித்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன். இளைப்பாறுகிறவளுக்குச் சமையலறை வாசலில் என்ன வேலை? நான் இடம் விட்டு நிறுத்துவதால்தான் வருகிறாளோ, என் நீண்ட ஜெபம் இன்னும் அவளைக் கால் கடுக்க நிறுத்தி வைத்திருக்கிறதோ என்பதுதான் அது. அதற்காக ஒருநாள் நிறுத்தாமல், மூச்சு விடாமல் ஜெபத்தை முடித்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி அத்தை வீட்டுத் திண்டாட்டமெல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் பழையபடி நிறுத்தினேன். அவள் வந்தாள். ஸ்தோத்திரம் என்று என் வாயில் வந்துவிட்டது, யாருக்கு எதற்கு நன்றி சொன்னேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

யார் குரல் மாதிரி இருந்தது என்று நீ எனக்கு எழுத வேண்டாம். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, மாப்பிள்ளையின் வேலையையும் சின்னவளின் படிப்பையும் ஆசீர்வதிப்பாராக. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் செய். விளக்குப் போடும் நேரத்துக்கு எனக்குப் போன் பண்ணு, பேச ஒன்றுமில்லையென்றாலும் பரவாயில்லை. நான் சுருக்கமாகவே ஜெபிக்கிறேன், இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன். நான் நிறுத்துகிற இடம் உனக்குத் தெரியும். அங்கே அம்மாவுக்கு முன்னால் நீ ஆமென் சொல்லிவிடு கண்ணு, அவள் போய்ப் படுக்கட்டும்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அப்பா