மலையேற மாற்றிய டயர்

ஞாயிறு, மாசி 12.

வளைகாப்பு முடிந்து மனைவி செல்வியை அவள் அம்மா வீட்டில் விடுவதற்காகத்தான் ஆம்பூரில் ஜீப்புக்குப் பெரிய டயர் மாற்றினேன். மலைமேல் வீடு. பாதை முழுக்கக் கல்.

இன்று கிளம்பும்போது பார்த்தால் ஜீப் ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது. ஏழு மாத வயிற்றோடு செல்விக்குக் கால் எட்டவில்லை. நான் தூக்கிவிடப் போனேன். என் அம்மா தடுத்தாள்.

“புள்ளத்தாச்சிய அப்டி தூக்காத. ராகு காலம் வந்துடும்டா. ஆட்டோவ கூப்டு.”

செல்வி ஆட்டோவில் ஏறினாள். நான் ஜீப்பில் பின்னாலேயே போனேன். எந்தக் கல்லிலும் மாட்டாமல் ஆட்டோ மேலே போய்ச் சேர்ந்தது.

இறங்கியதும் செல்வி கேட்டாள்: “எங்கூட உக்காந்து வராம, காலி ஜீப்ப எதுக்கு ஓட்டிக்கினு வந்தீங்க?”